மிதந்த கல்லும் முதலாளியின் புரொபசரும்

நீங்கள் அந்தக் கல்லை எந்தப் புரொபசரிடமும் காட்டவில்லை, முதலாளி.

காட்டியதாக மட்டாஞ்சேரி பஜார் முழுக்கச் சொன்னீர்கள். எறணாகுளத்தில் ஒரு காலேஜ் புரொபசர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது கல்லே இல்லை, கடல்நாக்கு என்று சொன்னாராம். அந்த ஒரு பேச்சோடு என் அண்ணன் நீட்டிய மிளகை வாங்கிப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. எந்த காலேஜ், எந்தப் புரொபசர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப்போகிறேன். நடந்தது முழுவதையும் முதலில் சொல்கிறேன், பிறகு கேட்கிறேன்.

என் அத்தா மிளகுத் தரகர். பாலக்காட்டுப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். புரியவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

தரகருக்குக் கடை கிடையாது, பண்டகசாலை கிடையாது. சட்டைப்பையில் காகிதப் பொட்டலமாக மாதிரி மிளகு இருக்கும். விற்கிறவரின் சாக்கிலிருந்து எடுத்ததை வாங்குகிறவரின் உள்ளங்கையில் கொட்டி, சாக்கு முழுக்க இதுதான் என்பார். வாங்குகிறவர் சாக்கைப் பார்க்க மாட்டார், தரகரின் முகத்தைப் பார்ப்பார். அதனால் பஜாரில் ஒரு பழக்கம் இருந்தது. தரகரின் மகன் தொழிலுக்கு வரும்போது அப்பன் அவனைக் கடை கடையாகக் கூட்டிப்போவார். மகன் தன் கையால் மாதிரியை நீட்டுவான். வியாபாரி உள்ளங்கையை விரித்து வாங்கினால் அவன் வாக்கை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். கையை விரிக்காமல் மேசையைக் காட்டி, அங்க வெச்சிட்டுப் போ என்றால் அவன் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

அண்ணன் கனடாவிலிருந்து திரும்பி வந்தது எழுபதுகளின் நடுவில். அத்தாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் தெரியாமல் விரலால் உருட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். அத்தாவின் வாடிக்கையில் பாதி அதற்குள் இன்னொரு தரகரிடம் போய்விட்டிருந்தது. அந்தத் தரகர் உங்கள் அக்காள் மகன். இதை இங்கே குறித்து வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அண்ணன் கப்பலில் சமையல்கட்டு எடுபிடியாகப் போனவன். கனடாவின் மேற்குக் கரையில் கப்பலை விட்டு இறங்கினான். எப்படி இறங்கினான், யாரிடம் சொல்லிவிட்டு இறங்கினான் என்று கேட்டால் இன்று வரை பேச்சை மாற்றுவான். அதில் ஏதோ பொய் இருக்கிறது. எனக்குத் தெரியும். அங்கே ஒரு கூட்டம் கல் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் வேலை கிடைத்ததாம். வடக்கே, ரோடே போகாத ஒரு மலைக்காட்டுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களாம். அரசாங்கம் அதைப் பார்க் என்று சொல்லிக் காக்கிறதாம். பார்க் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குத் தெரிந்த பார்க்கில் ஊஞ்சலும் கடலை வண்டியும் இருக்கும்.

அவனை நான் நம்பவில்லை. வெளிநாடு போய் வந்தவர்கள் அளப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அவன் அடுக்களையில் உட்கார்ந்து உள்ளி நறுக்குவான். நான் அம்மி பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். இன்று கேட்டதையே நாலு நாள் கழித்து வேறு மாதிரி கேட்பேன். மாற்றிச் சொல்கிறானா என்று பார்க்கத்தான்.

"ஐஸ் மலைன்னே. இப்போ தீ மலைங்கறே. எதுடா அது?" என்றேன்.

"ரெண்டும் ஒரே மலைதான் புள்ள."

"ஐஸ் இருந்தா தீ அணையும். தீ இருந்தா ஐஸ் உருகும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்."

"தீ எப்பவோ உள்ளேர்ந்து பொங்கி வந்து ஆறிக் கல்லாச்சு. அதுக்கு மேல ஐஸ் உக்காந்துச்சு. ஐஸைப் பொத்துக்கிட்டு மறுபடி தீ. அது மேல மறுபடி ஐஸ். அம்மா சட்டிப்பத்திரிக்கு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கல? அந்த மாதிரி. மலையோட பக்கத்தை ஆறு அறுத்திருக்கு பாரு, அங்க அடுக்கு அடுக்காத் தெரியும்."

"தீ வந்ததை நீ பார்த்தியா?"

"இல்ல. இப்போ உறங்குது."

"அப்போ நீ பார்த்தது வெறும் கல்லு."

"ஆமா, வெறும் கல்லுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த உள்ளியை எடுத்தான். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

அவன் சொன்னது எதுவும் எனக்கு மறக்கவில்லை. பெரிய மலையைச் சுற்றிக் கரிக்குவியல் மாதிரிச் சின்னச் சின்னக் குன்றுகள், கவிழ்த்து வைத்த புட்டுச் சிரட்டை போல, ஒரு புல் கூட முளைக்காமல் நிற்குமாம். மேலே ஏறினால் ஒவ்வொன்றின் உச்சியிலும் குழி. ஒரு பள்ளத்தாக்கில் பாறை அறுகோணமாகச் செதுக்கிய தூண்களாக நெருக்கியடித்து நிற்குமாம், ஆனால் யாரும் செதுக்கவில்லையாம். கொதித்த கல் ஆறும்போது சேறு காய்ந்து வெடிக்கிற மாதிரி வெடித்து அந்த வடிவம் வருமாம். தெற்கே போனால் ஒரு மலை சிவப்பு, பக்கத்து மலை மஞ்சள், அதற்கடுத்தது வெள்ளை. கந்தகம் கலந்த வெந்நீர் கல்லுக்குள் புகுந்து புகுந்து துருப்பிடிக்க வைத்த நிறமாம். ஓடையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வருமாம். ஐஸ் நகரும்போது அடியில் இருக்கும் கல்லை மாவாக அரைத்துவிடுமாம், அந்த மாவு கரைந்த தண்ணீர்.

எங்கள் ஊரில் கல்லே கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் மணல், அதற்கடியில் சேறு. வீடு கட்டச் செங்கல்லும் வெட்டுக்கல்லும் வள்ளத்தில் வரவேண்டும். கருங்கல் என்றால் கிழக்கேயிருந்து வரவேண்டும். எதிரே தெரிகிற வில்லிங்டன் தீவு துறைமுகத்துக்காகத் தோண்டிய சேற்றைக் கொட்டிச் செய்தது. அதன் மேல் பண்டகசாலை கட்டி, ரயில் விட்டு, கப்பலில் சரக்கு ஏற்றுகிறார்கள். சேற்றிலிருந்து ஒரு தீவு வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நெருப்பிலிருந்து ஒரு மலை வரும் என்றால் மட்டும் அவர்களுக்குச் சிரிப்பு.

அண்ணனை ஒரு பொய்யில் பிடித்தேன். கரடி தன் கூடாரத்துக்குள் வந்து சப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு போனது என்று ஒரு நாள் சொன்னான். பின்னொரு நாள் கேட்டபோது கரடியை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்ததாகச் சொன்னான். "அப்போ சப்பாத்தியைத் தின்னது யாரு?" என்றேன். "சரி, கரடி பொய்" என்று ஒத்துக்கொண்டான். "மத்தது?" என்றேன். "மத்தது சத்தியம்."

நான் நம்பத் தொடங்கியது வேறொரு இடத்தில். அவன் பெட்டியில் கைக்குட்டையில் சுற்றி இரண்டு கல் இருந்தன. ஒன்று கறுப்பு, கண்ணாடி மாதிரி. வேகமாக ஆறிய தீக்குழம்பு அப்படி ஆகுமாம், அந்தக் காட்டுப் பக்கத்துப் பழங்குடிகள் அதில் கத்தி செய்து ஊர் ஊராகக் கொடுத்து வாங்கினார்களாம். இன்னொன்று வெள்ளை, முஷ்டி அளவு, கையில் எடுத்தால் எடையே இல்லை. மேலெல்லாம் ஊசித் துளைகள். ஒரு பக்கம் துருச் சிவப்பில் ஒரு கறை. அந்த வெள்ளைக் கல் மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்குமாம். நுரைத்துப் பொங்கிய கல், உள்ளே எல்லாம் காற்று, அதனால் தண்ணீரில் மிதக்கும் என்றான்.

"எந்தக் குழியிலேர்ந்து வந்தது இது?" என்று கேட்டேன்.

"அது யாருக்கும் தெரியாது. அந்த ஆளுங்களே தினமும் ராத்திரி சோறு தின்னும்போது அதுக்குத்தான் சண்டை போடுவாங்க. இந்தக் குன்றும்பான் ஒருத்தன், ஐஸுக்கு அடியில இருக்கும்பான் இன்னொருத்தன். நான் வர்ற வரைக்கும் தீரல."

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பொய் சொல்கிறவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் வராது. கரடிக் கதையில் எல்லாம் தெரிந்தது அவனுக்கு, கரடி எந்தக் கையால் எடுத்தது என்பது வரை. இதில் தெரியாது என்கிறான். அன்று அந்தக் கல்லை வாங்கி, குடைக்கம்பியைக் காய்ச்சி நடுவில் ஒரு துளை போட்டு, பச்சை நூல் கோத்து ஜன்னலில் கட்டினேன். கம்பி மாவில் இறங்குவது போல இறங்கியது. கொட்டிய பொடியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்தேன். எதையும் வீசும் பழக்கம் எனக்கு இல்லை.

அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாயாக்கடையில் போய்ச் சொன்னான். அதில் அவன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அத்தா அவனைக் கடை கடையாகக் கூட்டிப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பஜாரே "மிதக்கிற கல்லு" என்று பேச ஆரம்பித்தது. நீங்கள் ஆளனுப்பினீர்கள். "கல்லையும் எடுத்துட்டு வரச் சொல்லு. மிளகு பார்க்கிற மாதிரி பார்த்துரலாம்" என்றீர்களாம்.

நான் அங்கே இருந்தேன் முதலாளி. அத்தாவுக்கு வழி தெரியாததால் கை பிடித்துக் கூட்டி வந்தவள் நான்தான். உங்கள் பண்டகசாலை வாசலில், சாக்குக் கட்டின் பக்கம் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மிளகு பார்க்கும் பித்தளை உருளியில் தண்ணீர் இருந்தது. ஒரு பிடி மிளகைப் போட்டால் நல்லது முங்கும். உள்ளீடில்லாத பொக்கு மேலே நிற்கும். கலப்படக்காரன் சேர்த்த பப்பாளி விதையும் மேலே நிற்கும். மேலே நிற்பதை வாரி வெளியே எறிவார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த கண்கள்தான் அந்த உருளியைச் சுற்றி நின்றவை.

கல்லைக் கையில் வாங்கினீர்கள். நூல் இன்னும் அதில் இருந்தது.

"எந்தா மோனே இது? கல்லா?"

"கல்லுதான் முதலாளி. தீ மலையிலேர்ந்து வந்தது. தண்ணில மிதக்கும்."

"கேட்டீங்களா சேட்டன்மாரே? கனடா போய் வந்த நம்ம தரகர் மகன் சொல்றான், அங்க கல்லு மிதக்குமாம்!"

சாக்கு தூக்கும் ஆள் ஒருவர் பின்னாலிருந்து, "அப்போ அங்க பஞ்சு முங்கும் போலிருக்கு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், முட்டாள். கல் மிதந்தால் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போட்டீர்கள். மிதந்தது. விரலால் அமுக்கினீர்கள். விரலை எடுத்ததும் மேலே வந்தது. நீங்கள் அந்தக் கல்லைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அது பொய்யைக் கண்டுபிடித்தவரின் பார்வை இல்லை.

பிறகு நிமிர்ந்து கேட்டீர்கள். "மிளகுல மேல நிக்கறது எந்தா?"

"பொக்கு!" என்றது கூட்டம்.

"வேற?"

"பப்பாளி விதை!"

"கல்லுன்னா முங்கணும். இது முங்கல. அப்போ இது கல்லு இல்ல. கடல்நாக்கு, வேற எந்தா? ஃபோர்ட் கொச்சி கடப்புறத்துல காலைல போனா கூடை நிறையப் பொறுக்கலாம். அரத்துல தேய்ச்சு உருட்டி, ஓட்டை போட்டு நூலும் கட்டிட்டான். கெட்டிக்காரன்!"

கடல்நாக்கு தெரியாதவர் கொச்சியில் இல்லை. கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓடு. மீன் செத்த பிறகு அது மிதந்து கரைக்கு வரும். நாட்டு மருந்துக் கடையில் விற்பார்கள், கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டுவார்கள். வெள்ளையாக, எடையில்லாமல், மிதக்கிற பொருள் என்றால் எங்கள் ஊர்க்காரன் மனசில் முதலில் வருவது அதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை முதலில் சொன்னது நீங்கள்.

"கருப்புக் கல்லு?" என்று அண்ணன் கையிலிருந்ததைக் காட்டி ஒருவர் கேட்டார்.

"சாராயக் குப்பியோட அடி" என்றீர்கள். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் அப்போதுதான் சிரிப்பதை நிறுத்தினான். "முதலாளி, அது பார்க்கு. அங்க படிச்சவங்க நாலு பேரு வேலை பார்க்கறாங்க…"

"பார்க்கா? அங்கேர்ந்து கல்லு எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாது. வேலை முடிஞ்சு கிளம்பும்போது, அவங்க பார்த்து முடிச்ச கல்லுலேர்ந்து எனக்கு ரெண்டு கொடுத்தாங்க."

"நீ சொல்றது நெஜம்னா எடுக்கக் கூடாததை எடுத்துட்டு வந்த கள்ளன். நெஜம் இல்லேன்னா பொய்யன். எது வேணும், நீயே சொல்லு."

இதற்கும் சிரித்தார்கள். அத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். உருளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்துப் பேசினார். "படிச்சவங்க யாரு கிட்டயாவது காட்டுங்க. அவங்க பொய்னு சொன்னா என் மகனை நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நெஜம்னா அவன் கையிலேர்ந்து முதல்ல நீங்க மிளகு வாங்கணும்."

"வாங்கறேன்" என்றீர்கள். எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். வெள்ளைக் கல்லை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

சில நாளில் தீர்ப்பு வந்தது. நீங்கள் நேரில் வந்து சொல்லவில்லை. சாயாக்கடை வழியாக வந்தது. புரொபசர் பார்த்தார், கடல்நாக்கு என்றார், கல் அங்கேயே உடைந்துபோயிற்று. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அத்தா நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்களிடம் வந்து கேட்கவும் இல்லை. பயந்தாரா, மகன் மேல் அவருக்கும் சந்தேகம் இருந்ததா என்று எனக்கு இன்று வரை தெரியாது. பொய்யென்றால் மகனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கொடுத்த வாக்கையும் மீறி, அண்ணனை ஒரே ஒரு நாள் பஜாருக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். முதல் கடையில் மேசையைக் காட்டினார்கள். இரண்டாவதில் மேசையைக் காட்டினார்கள். அத்தாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த ஒரு வியாபாரி, அண்ணன் பொட்டலத்தை நீட்டியதும், "மோனே, தண்ணில போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு மேசையைக் காட்டினார். அத்தாவுக்கு மேசையைக் காட்டியது தெரியவில்லை. "வாங்கிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

அன்று மாலை மருந்துக் கடையில் ஒரு கடல்நாக்கு வாங்கி வந்தேன். அடுக்களையில் இரண்டு கிண்ணத்தில் சுர்க்கா ஊற்றினேன். மீன் ஊறுகாய்க்குப் போடும் அதே வினிகர்தான். ஒன்றில் கடல்நாக்கைப் பொடித்துப் போட்டேன். சோடா உடைத்த மாதிரி நுரைத்தது. இன்னொன்றில் என் டப்பாவில் இருந்த கல்பொடியைப் போட்டேன். சும்மா கிடந்தது. ஒரு குமிழ் கூட இல்லை. கடல்நாக்கை அடுப்பில் காட்டினேன். கருகி, வீடு முழுக்க மீன் நாற்றம். கல்பொடியைக் கரண்டியில் வைத்துக் காட்டினேன். கரண்டி சிவந்தது, பொடி அப்படியே இருந்தது. அது கடல்நாக்கு இல்லை. ஒரு கிண்ணம் சுர்க்கா போதும், அதைச் சொல்ல. படித்த புரொபசருக்கு அது தெரியாமல் போகுமா? அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, புரொபசர் என்று ஒரு ஆளே இல்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு கிண்ணத்தையும் பார்த்தான். "எனக்கு எதுக்குக் காட்டறே? எனக்குத்தான் தெரியுமே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மழைக்காலம் முடிந்ததும் வளைகுடாவுக்குப் போனான், யாருக்கோ சமைக்க. அத்தாவின் மிச்ச வாடிக்கை உங்கள் அக்காள் மகனிடம் போனது. அத்தா மிளகையே மறந்த நிலையில்தான் இறந்துபோனார்.

இதுவரை சொன்னதில் என் சந்தேகமும் கலந்திருக்கிறது. அதை நானே ஒத்துக்கொள்கிறேன். இனிமேல் சொல்லப்போவது என் கண்ணால் பார்த்தது.

எண்பதுகளில் உங்கள் மகளின் நிக்காஹ். பஜார் குடும்பங்கள் எல்லாரையும் அழைத்தீர்கள், எங்களையும் விடவில்லை. மழை பெய்து உங்கள் வீட்டு முற்றம் சேறாக இருந்தது. பெண்கள் கால் கழுவப் பின்னால் குளியல்புரைக்குப் போனோம். அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அண்டாவில் ஒரு வெள்ளைக் கல் மிதந்துகொண்டிருந்தது.

எடுத்தேன். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. மறுபக்கம் துருச் சிவப்புக் கறை அப்படியே இருந்தது. நடுவில் என் குடைக்கம்பித் துளை. துளைக்குள்ளே பச்சை நூலின் ஒரு பிசிர், சோப்பு பிடித்து.

உங்கள் மனைவி பின்னாலேயே வந்தார். அவரை நாங்கள் மாமி என்போம். நல்ல மனுஷி. நான் கல்லோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுல தேய்ச்சுக்கோ மோளே, கால் வெடிப்புக்கு நல்லது. பித்த வெடிப்பெல்லாம் ஓடிப்போயிரும்."

"இது எந்தா மாமி?"

"கல்லு. இவரு கொண்டு வந்து கொடுத்தாரு, ரொம்ப வருஷம் முன்ன. கனடாக் கல்லாம். இத்தனை வருஷம் தேய்ச்சும் இன்னும் தீரல பாரு. கைதவறி கிணத்துல விழுந்தாக்கூட முங்காது. துழாவி எடுக்கப் பாதாளக்கொலுசு தேட வேணாம், வாளியை விட்டு எடுத்துக்கலாம்."

"யாராவது புரொபசர் கிட்டக் காட்டினாரா?"

"கால் தேய்க்கற கல்லுக்குப் புரொபசரா?" என்று கேட்டு மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே வெளியே போய்ப் பக்கத்துப் பெண்களிடமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தக் கல்லை அண்டாவிலேயே போட்டுவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டு வந்திருந்தால், நான்தான் கொண்டுபோய் வைத்தேன் என்று சொல்லியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மாமியைத் திட்டாதீர்கள். கல்லைக் கல் என்று சொன்ன ஒரே ஆள் உங்கள் வீட்டில் அவர்தான்.

இவ்வளவு காலம் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பீர்கள். அண்ணன் இதுவரை இங்கே இல்லை. அவன் கை நீட்டாதபோது யார் விரித்தால் என்ன, விரிக்காவிட்டால் என்ன. இப்போது திரும்பி வந்திருக்கிறான். அத்தா விட்ட தொழிலைச் செய்யவேண்டும் என்கிறான். மிளகு பார்க்க மறக்கவில்லை. வளைகுடாவில் இருந்தபோதுகூட, சமைக்கும் மிளகை வாயில் போட்டு எந்த மலையில் விளைந்தது என்று சொல்வானாம். இதைக் கூட இருந்தவர்கள் சொன்னார்கள், அவன் சொல்லவில்லை. அவன் சொன்னால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் முதல் கடைக்குப் போனான். அந்தக் கடைக்காரர் உங்களிடம் ஆளனுப்பிக் கேட்டார். "கல்லை மிதக்க வெச்சவன்தானே?" என்று நீங்கள் திருப்பிச் சொல்லி அனுப்பினீர்கள். மேசையைக் காட்டினார்கள்.

"விட்டுரு புள்ள. ஊருக்கு மறந்துரும்" என்கிறான் அண்ணன். எனக்கு மறக்கவில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதற்கு உங்கள் அக்காள் மகனைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்குச் சாட்சி கிடையாது. அதனால் அதை நான் கேட்கவில்லை. சாட்சி இருப்பதை மட்டும் கேட்கிறேன். அந்தச் சாட்சி உங்கள் அண்டாவில் மிதக்கிறது.

வியாபாரிகள் எல்லாரும் கூடும் கூட்டம் வருகிறது. நீங்கள்தான் தலைமை. அன்று அதே பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்புங்கள். உங்கள் குளியல்புரையில் இருக்கும் கல்லைக் கொண்டுவாருங்கள். உடைந்துபோன கல் எப்படி இருக்கும் என்று எல்லாரும் பார்க்கட்டும். சுர்க்கா நான் கொண்டுவருகிறேன், கடல்நாக்கும் நானே வாங்கி வருகிறேன். அண்ணன் மிளகுப் பொட்டலத்தோடு உங்கள் முன்னால் நிற்பான். எங்கள் அத்தாவுக்கு அன்று என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். இல்லையென்றால் பஞ்சு முங்கும் என்று சொன்ன ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

கையை விரிப்பதா, மேசையைக் காட்டுவதா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் எழுந்து நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி எனக்குப் பதில் சொல்லுங்கள், முதலாளி: எந்த காலேஜ்? எந்தப் புரொபசர்?